எலிமினேட்டருக்கு வைத்தியம்

சிவப்பு விளக்கு எரிந்தது. ஊசி மட்டும் அசையவில்லை.

ஜெசிந்தா வோல்ட்மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டினாள். பிறகு பெட்டியின் தலையில் தட்டினாள். பெட்டி 'ம்ம்ம்' என்று முனகியதே தவிர, ஊசியைப் பூஜ்யத்திலிருந்து நகர்த்தும் உத்தேசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

அது ஒரு பேட்டரி எலிமினேட்டர். சுவரில் வரும் முரட்டு மின்சாரத்தை வாங்கி, இரண்டு வோல்ட், நாலு வோல்ட் என்று பன்னிரண்டு வரைக்கும் சாதுவாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் தகரப் பெட்டி. கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் இருந்த அந்த அரசு மேல்நிலைப் பள்ளியில், இயற்பியல் ஆய்வகத்து மேஜையில் இருந்தது அது ஒன்றுதான். அதன் வயது யாருக்கும் தெரியாது. ஜெசிந்தாவைவிட மூத்தது என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். அவளுக்கு முப்பத்துநாலு.

அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு.

வாசலில் நிழல் விழுந்தது. ஆய்வக உதவியாளர் காளியண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த மலையில் பிறந்து, இந்தப் பள்ளியிலேயே இருபத்தேழு வருஷமாகக் குடுவை கழுவிக்கொண்டிருப்பவர். அதிகம் பேசமாட்டார்.

"என்னங்க டீச்சர், ஆகாதுங்களா?"

"ஏன் ஆகாது? ஃபியூஸ் போயிருக்கும். இப்ப சரி பண்ணிடறேன்."

"அதுக்கும் வயசாயிப்போச்சுங்க. ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிப்போடுங்க."

"ஆகும்ண்ணே."

காளியண்ணன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

ஜெசிந்தாவிடம் ஒரு குணம் உண்டு. 'முடியாது' என்ற சொல் அவள் வாயில் வராது. திண்டுக்கல்லிலிருந்து இந்த மலைக்குப் போஸ்டிங் போட்டபோது வீட்டில் எல்லோரும் 'முடியாதுன்னு எழுதிக் கொடுத்துடு' என்றார்கள். அதற்காகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவள். வந்த முதல் வாரத்தில், இங்கே பிள்ளைகள் சோதனையே செய்யாமல் அண்ணன் அக்காவின் பழைய நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. "இந்த வருஷம் ஒருத்தரும் பார்த்து எழுதக் கூடாது. எல்லாரும் கையால செஞ்சுதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டாள். எட்டு மாசமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எலிமினேட்டரும் மாசத்துக்கு ஒருமுறை படுத்துக்கொள்ளும். அவள் எதையாவது திருகி எழுப்பிவிடுவாள்.

வெளியீட்டுப் பக்கத்து ஃபியூஸ் மூடியைத் திருகிக் கழற்றினாள். நினைத்தது சரிதான். உள்ளே கம்பி அறுந்திருந்தது. பழைய ஒயரிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி வைத்துச் சுற்றி, சுவிட்சைப் போட்டாள். 'சிடுக்' என்றது. இழை போய்விட்டது.

இரண்டு இழை வைத்தாள். 'சிடுக்.'

அப்போது மணி பத்தரை. பதினோரு மணிக்குப் பிள்ளைகள் கடைசிப் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள். 'ஃபியூஸ் கம்பியைத் தடிமனாக வைக்கக் கூடாது, ஏன்?' என்பது இரண்டு மார்க் கேள்வி. ஒன்பது வருஷமாக அவளே அதைச் சொல்லிக்கொடுத்து, அவளே திருத்தி வருகிறாள். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஆறு இழைகளைச் சேர்த்து முறுக்கி வைத்தாள்.

இந்தத் தடவை ஃபியூஸ் போகவில்லை. பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைகளிலிருந்து நீலமாகப் புகை கிளம்பியது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினால், வாசலில் காளியண்ணன்.

"செத்துப்போச்சுங்களா டீச்சர்?"

கேட்ட குரலில் துக்கம் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் ஆவல்கூட இருந்ததாக ஜெசிந்தாவுக்குப் பட்டது.

"சாகலை. உள்ள ஒரு டயோடு போயிருக்கு. அதை மாத்தினா போதும்."

"மாத்தலாமுங்களா?" என்றார், ஏமாந்தவர் போல.

புகை, தலைமையாசிரியர் மோகன்ராஜ் அறை வரைக்கும் போயிருந்தது. அவர் நாமக்கல்காரர். எந்தச் சங்கதியாக இருந்தாலும் மேலிடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் நம் தலை தப்பும் என்று நம்புகிறவர். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார், பார்த்தார், அங்கேயே நின்று தேர்வாளருக்குப் போன் போட்டுவிட்டார். வேண்டாம் சார் என்று ஜெசிந்தா கையைக் காட்டுவதற்குள் மணி அடித்து எடுத்தும் விட்டார்கள்.

தேர்வாளர் பெயர் அர்த்தனாரி. கீழே சேந்தமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக வந்தது.

"சார், ஒரு சின்ன விசயம். எங்க எலிமினேட்டர் புகையுது" என்றார் மோகன்ராஜ்.

"புகையுதுங்களா, வேலை செய்யுதுங்களா?"

"புகையுது சார்."

"நான் நிரப்பற பாரத்துல புகைக்குக் கட்டம் இல்லீங்களே. 'செயல்படுகிறது', 'செயல்படவில்லை'. ரெண்டே கட்டம்தான். எதுல டிக் போடட்டும்?"

ஜெசிந்தா போன் அருகே குனிந்தாள். "சார், பைக் பேட்டரி வெச்சுத் தேர்வை நடத்திடலாம் சார்."

"பேட்டரிக்கும் கட்டம் இல்லம்மா. நாளைக்குக் காலைல நான் வர்றப்ப அது ஓடலைன்னா, பிள்ளைங்களை வேன்ல ஏத்தி எங்க பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு இங்க நடத்திக்கலாம். ஒண்ணும் பிரச்சினை இல்லை."

மோகன்ராஜுக்கு நிம்மதியாகிவிட்டது. வேனுக்குச் சொல்லப் போய்விட்டார்.

பிரச்சினை இல்லை என்று தேர்வாளர் சொன்னது அவருடைய பிரச்சினையை. பயிற்சிக்கு வந்த பதினாலு பேரிடமும் ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னபோது, பூங்குழலி எழுந்தாள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண். நர்சிங் படிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவள்.

"டீச்சர், எங்கப்பா கீழ உடமாட்டாருங்க."

"பரீட்சைம்மா. பரீட்சைக்குக்கூடவா?"

"மொளகு பறிக்கிறதுக்கு ஆளில்லைங்க. இங்க நடந்தா எழுதிப்போட்டு மத்தியானமே காட்டுக்குப் போயிருவேனுங்க. கீழன்னா ஒரு நாள் பூராப் போயிரும். போன வருசம் எங்கக்காளையும் இப்பிடித்தான் எதுக்கோ அனுப்ப மாட்டேன்னுட்டாருங்க. அதுக்கப்புறம் அது படிக்கவே இல்லீங்க."

"எனக்கும் அப்பிடித்தானுங்க" என்றாள் பின்னால் இருந்த யமுனா. கைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எண்ணிப் பார்த்தால் ஐந்து. ஐந்தும் பெண்கள்.

வராதவர்களுக்கு 'ஆப்சென்ட்'. செய்முறையில் ஆப்சென்ட் என்றால் அந்தப் பாடமே போயிற்று. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அந்த ஐந்து பேரும் திரும்பப் பள்ளிக்கூட வாசலை மிதிப்பார்களா என்பது சந்தேகம். மிளகுக் கொடியும் எழுபது கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து ஐந்து பெண்களின் படிப்பை மறித்துக்கொண்டு நிற்க, ஜெசிந்தாவின் கையில் இருந்தது ஒரு புகைந்துபோன தகர டப்பா.

"யாரும் கீழ போக வேண்டாம். தேர்வு இங்கதான் நடக்கும்" என்றாள்.

டப்பாவை ஸ்கூட்டரின் முன்னால் காலடியில் வைத்துக்கொண்டு சோளக்காடு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். கேட்டருகே மோகன்ராஜ் வழிமறித்தார்.

"எதுக்கும்மா அலையறீங்க? வேன் சொல்லியாச்சு. நம்ம காளியண்ணனே கூடப் போறேங்கறார். அவர் மக சுகுணாவைச் சேந்தமங்கலத்துலதானே கட்டிக் கொடுத்திருக்கு."

ஜெசிந்தாவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. ஆகாதுங்களா, ஆகாதுங்களா என்று இந்த மனுஷர் வாசலிலேயே நிற்பது இதற்குத்தானா? அரசாங்க வேனில் போய் மகளைப் பார்த்துவிட்டு, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வருவதற்கு. வண்டியை வேகமாக முறுக்கினாள்.

சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, பலாப்பழக் கடைக்கும் மிளகு மண்டிக்கும் நடுவில் இருந்தது தனபாலின் கடை. செல்போன், மைக்செட், மிக்சி என்று எது வந்தாலும் பிரித்துவிடுவான். திரும்பச் சேர்ப்பதுதான் நாள் கணக்கில் ஆகும்.

"டயோடு புதுசு இல்லீங்க டீச்சர். பழைய ஆம்ப்ளிபயர் ஒண்ணு கெடக்குது. அதுலேர்ந்து நாலு உருவித் தாரேன். ஆனா எப்பிடி வெக்கோணும்னு நீங்க சொல்லோணும்."

பெட்டியைத் திறப்பதற்கு, எத்தனை வோல்ட் என்று திருப்பி வைக்கும் முன்பக்கத்துத் திருகுமுனையைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இரண்டு கரப்பான்களும் ஒரு பல்லி முட்டையும் இருந்தன. தனபால் முட்டையைப் பத்திரமாக எடுத்து ஜன்னலில் வைத்தான்.

ஜெசிந்தா கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு டயோடை விரலில் பிடித்துக் காட்டினாள். "இந்த வெள்ளைக் கோடு இருக்கு பாருங்க, அது இந்தப் பக்கம் வரணும். நாலும் அதுக்கேத்த மாதிரி."

"இந்தப் பக்கமுங்களா? சரிங்க."

தனபால் பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தனக்கு 'இந்தப் பக்கம்' எதுவோ அந்தப் பக்கமாக நாலையும் வெகு சுத்தமாகப் பற்றவைத்தான். அதே நேரத்தில் ஜெசிந்தாவின் போனில் மோகன்ராஜ் வந்து, வேன் டிரைவருக்குச் சாப்பாடு சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்குத் திரும்பிச் சுவிட்சைப் போட்டாள். ஊசி நகர்ந்தது. ஆனால் முன்னால் போகாமல் பின்னால் போய், பூஜ்யத்துக்குக் கீழே இருந்த தடுப்பில் முட்டிக்கொண்டு நடுங்கியது.

தப்பு என்ன என்று அவளுக்கு நொடியில் புரிந்துவிட்டது. நாலு டயோடும் தலைகீழ். சிவப்பு முனை மைனஸாகிவிட்டது, கறுப்பு முனை ப்ளஸாகிவிட்டது. இதற்காக மறுபடி சோளக்காடு வரைக்கும் போக வேண்டுமா? வெளியே ஒயரை மாற்றிச் சொருகினால் தீர்ந்தது. மாற்றினாள். ஊசி முன்னால் வந்தது. சிவப்பின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிக் 'கறுப்பு' என்றும், கறுப்பின் மேல் 'சிவப்பு' என்றும் எழுதினாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

வாசலில் நிழல்.

"ஓடுதுங்களா?" என்றார் காளியண்ணன். முகத்தில் ஈயாடவில்லை.

"ஓடுதுண்ணே. சேந்தமங்கலம் யாரும் போக வேண்டியதில்லை" என்றாள், கொஞ்சம் குத்தலாகவே.

வெளியே ஒயரை மாற்றிவிடலாம். பெட்டிக்குள்ளே உட்கார்ந்திருக்கும் கபாசிட்டருக்கு அதை யார் சொல்வது? அதற்கும் ப்ளஸ், மைனஸ் உண்டு. அதை மாற்றிக் கொடுத்தால் அது கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். பத்து நிமிஷம் பொறுத்தது.

'டமார்.'

பக்கத்து அறையில் ஆறாம் வகுப்பு, மணி அடித்துவிட்டதாக நினைத்து வெளியே ஓடியது. வெள்ளித் துணுக்குகளும் காகிதச் சுருள்களும் ஆய்வகமெங்கும் பறந்து, பதினாலு ரெக்கார்டு நோட்டுகளின் மேலும் ஜெசிந்தாவின் தலையிலும் இறங்கின. அவள் அப்படியே நின்றாள்.

முதலில் ஓடி வந்தவர் காளியண்ணன்தான். அவள் கையைத் திருப்பிப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "சுட்டுப்போடலையே, கண்ணு?" என்றார். இல்லை என்று அவள் தலையாட்டிய பிறகுதான் பெட்டியைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"இனி ஆகாதுங்க டீச்சர். முடிஞ்சுதுங்க. நீங்களே சொல்லிப்போடுங்க."

"கபாசிட்டர் மட்டும்தான் போயிருக்கு."

"அட, ஒரு வார்த்தைதானுங்க. ஆகாதுன்னு சொன்னா என்ன கொறைஞ்சு போயிரப் போறீங்க?"

"சொல்லமாட்டேன்" என்றாள் ஜெசிந்தா. தலையைத் தட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஸ்கூட்டருக்கு நடந்தாள்.

தனபால் டயோடுகளைத் திருப்பி வைத்தான். பழைய டிவி ஒன்றிலிருந்து கபாசிட்டர் ஒன்றைக் கழற்றிப் போட்டான். இந்தத் தடவை ஜெசிந்தா கல்லாவைச் சுற்றிப் போய் அவன் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றாள். எல்லாம் சரியாக முடிந்தது. சிவப்பு சிவப்பாயிற்று. கறுப்பு கறுப்பாயிற்று. மூடியைப் போட்டுத் திருகுமுனையை அழுத்திச் சொருகினான் தனபால். அது எந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மணி மூன்றரைக்குப் பூங்குழலியைக் கூப்பிட்டு டயோடு சோதனையைச் செய்யச் சொன்னாள். அந்தப் பெண் இணைப்பெல்லாம் சரியாகக் கொடுத்து, பயபக்தியோடு திருகுமுனையை இரண்டு வோல்ட்டில் வைத்து, சுவிட்சைப் போட்டாள். ஊசி மறுகோடிக்குப் பாய்ந்து 'டிங்' என்று இடித்தது. சோதனைக்கு வைத்திருந்த குட்டி டயோடிலிருந்து ஒரு நூல் புகை எழுந்தது.

"டீச்சர், நான் ரெண்டுலதானுங்க வெச்சேன்." பூங்குழலிக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன் மேல தப்பில்லம்மா. ரெண்டுங்கறது எட்டாயிருச்சு."

திருகுமுனை பாதி வட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தது. இரண்டு என்றால் எட்டு. நாலு என்றால் பத்து. எட்டு என்றால் இரண்டு. பிடுங்கிச் சரியாகச் சொருகிவிட்டால் போதும். ஜெசிந்தா பிடுங்கினாள். வரவில்லை. தனபால் அவ்வளவு அழுத்திச் சொருகியிருந்தான். ஸ்குரு டிரைவரை அடியில் கொடுத்து நெம்பினாள். திருகுமுனை இரண்டு துண்டாக உடைந்து, ஒன்று மேஜைக்கு அடியிலும் ஒன்று ஜன்னலுக்கு வெளியிலும் போய் விழுந்தது. மிஞ்சியது ஒரு மொட்டைக் கம்பி.

"ஆகாதுங்களா டீச்சர்?"

அந்த நேரத்தில் அந்தக் கேள்வி வந்திருக்கக் கூடாது. காலையிலிருந்து சாப்பிடாதவள், தலையில் இன்னும் வெள்ளித் துணுக்கோடு இருப்பவள், திரும்பினாள்.

"உங்களுக்கு அதுதானே வேணும்? அது ஆகாமப் போகணும், பிள்ளைங்க எல்லாம் வேன்ல ஏறணும், நீங்க மக வீட்டுக்குப் போகணும். அஞ்சு பிள்ளைங்க படிப்பு போகுதுண்ணே. அது உங்களுக்குத் தெரியலையா? காலைலேர்ந்து வாசல்ல நின்னு சாபம் விட்டுக்கிட்டே இருக்கீங்க."

காளியண்ணன் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். மேஜைக்கு அடியில் குனிந்து உடைந்த துண்டைப் பொறுக்கி, அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பூங்குழலி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெசிந்தாவுக்கு வாயைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா வயசு மனுஷர். பிள்ளைகள் முன்னாடி வேறு. ஆனால் நின்று வருத்தப்பட அப்போது நேரமில்லை. குறட்டால் அந்த மொட்டைக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, மீட்டரில் பார்த்து, ஒரு அட்டையை வட்டமாக வெட்டிப் புது எண்களை எழுதி ஒட்டினாள். இனி எலிமினேட்டரைத் திருப்ப வேண்டுமென்றால் குறடு வேண்டும். ஆனால் இரண்டு என்றால் இரண்டு.

புதன்கிழமை காலை தேர்வாளர் அர்த்தனாரி வந்து சேர்ந்தபோது அவர் முகம் வெளிறிக் கிடந்தது. எழுபது வளைவும் அவர் வயிற்றுக்குள் இருந்தன. ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஆய்வகத்துக்குள் வந்தார். வாசலில் வேன் தயாராக நின்றது. அதன் பக்கத்தில் மோகன்ராஜ் நின்றார். ஆய்வக வாசலில், நேற்றுப் போலவே கதவைப் பிடித்துக்கொண்டு, காளியண்ணன் நின்றார். ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதுங்களா?" என்று அர்த்தனாரி பெட்டியைக் காட்டினார். "ஏன், குறடு எதுக்கு?"

"திருப்பறதுக்கு சார்."

"குறட்டுக்குப் பாரத்துல…" என்று ஆரம்பித்தவர், வயிறு புரட்டவே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எலிமினேட்டர் தேவைப்படும் சோதனைகள் ஆறு பேருக்கு விழுந்தன. ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர். முதல் பையன் குறட்டால் திருப்பினான். ஊசி நல்ல பிள்ளையாக நகர்ந்தது. இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். பெட்டி சூடேறிக்கொண்டே போனது. ஜெசிந்தா ஒரு ரெக்கார்டு நோட்டை எடுத்து அதற்கு விசிற ஆரம்பித்தாள். அர்த்தனாரி, தனக்குத்தான் விசிறுகிறாள் என்று நினைத்து, "பரவால்லம்மா, இருக்கட்டும்" என்றார்.

கடைசிச் சீட்டு பூங்குழலியுடையது.

எட்டு அளவு எடுக்க வேண்டும். ஐந்து முடிந்திருந்தது. ஆறாவதுக்குக் குறட்டைத் திருப்பியபோது முனகல் நின்றது. ஊசி பூஜ்யத்தில் படுத்தது.

அர்த்தனாரி பேனாவைத் திறந்து, பாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பூங்குழலி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று ஜெசிந்தாவுக்கு இருந்தது. வாசலில் காளியண்ணன் ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தார். "டீச்சர், இப்பவாச்சும்…" என்றார் மெதுவாக.

ஜெசிந்தா குனிந்து பெட்டியின் காதருகே, காது எதுவென்று அவளுக்குத்தான் தெரியும், ஏதோ சொன்னாள். திட்டினாளா, கெஞ்சினாளா என்பது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு முன்பக்கத்து ஓரத்தில் உள்ளங்கையால் ஒரு போடு போட்டாள்.

'ம்ம்ம்' என்றது பெட்டி. ஊசி எழுந்தது.

"எடும்மா, சீக்கிரம் எடு."

ஆறு. ஏழு. எட்டு. பூங்குழலி எழுதி முடித்துக் கோடு போட்டாள். அர்த்தனாரி அந்தப் பெண்ணின் தாளை வாங்கிப் பார்த்தார். பழைய நோட்டைப் பார்த்து எழுதினால் வருகிற அளவுகள் அவருக்கு மனப்பாடம். இது அது இல்லை. முதல் முறையாக எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார்.

"நல்லா செஞ்சிருக்கே சாமி" என்றார். 'செயல்படுகிறது' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

பதினாலு பேரும் எழுதி முடித்தார்கள். பூங்குழலியும் யமுனாவும் மற்ற மூவரும் மிளகுக் காட்டுக்கு ஓடினார்கள். ஓடும்போது பூங்குழலி ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். காலி வேன் தேர்வாளரை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கியது.

ஆய்வகத்தில் காளியண்ணன் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா சமையல் கூடத்திலிருந்து இரண்டு டம்ளரில் டீ வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, நேத்து நான் பேசினது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க."

"அட, அதெல்லாம் என்னங்க டீச்சர். புள்ளைங்களுக்காகத்தான பேசுனீங்க."

"மகளைப் பார்க்கற ஆசை உங்களுக்கும் இருக்காதா?"

"சுகுணாளுங்களா? அது போன வாரமே வந்து ஊட்டுலதானுங்க இருக்குது. பிரசவத்துக்கு."

ஜெசிந்தாவுக்கு டீ புரையேறியது. இருமி முடித்து, எலிமினேட்டரின் தலையை ஆசையாகத் தடவினாள். இனிமேல் இதன் வைத்தியம் முழுக்க அவளுக்கு அத்துப்படி.

"பாத்தீங்களா, ஆகாது ஆகாதுன்னீங்களே. இது இன்னும் பத்து வருஷம் ஓடும். நான் ஓட்டறேன்."

காளியண்ணனின் முகம் தொங்கிவிட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏண்ணே இப்படி ஆகறீங்க? மகளைப் பார்க்கவும் இல்லை, பிள்ளைங்க மேல கோவமும் இல்லை. அப்புறம் எதுக்குத்தான் நேத்துலேர்ந்து ஆகாதுங்களா, ஆகாதுங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

காளியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பழசு ஆகாதுன்னு, எந்த டீச்சரா இருந்தாலும், அவுங்க வாயால ஒரு வார்த்தை வந்தாத்தான் எடுத்துக் குடுக்கோணும், அது வரைக்கும் மூச்சு உடப்படாதுன்னு முன்னால இருந்த ஹெட்மாஸ்டரு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டுப் போனாருங்க, புது எலிமினேட்டரு ஆறு, பிரிக்காம ஏழு வருசமா பீரோவுல கெடக்குது, நீங்க என்னடான்னா இதைச் சாகவே உடமாட்டேங்கறீங்க."